வினா எண் பதினேழு

‘கவர்’ – சொற்றொடரில் அமைத்து எழுதுக.
இரண்டு மதிப்பெண்.
எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்தொரு தாள்.
கானாடுகாத்தானில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து
மடியில் வைத்துத் திருத்துகிறேன்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
சிவப்புப் பேனா தன் பங்குக்கு ஒரு கோடு போடுகிறது.

முதல் இருபது பேரையும்
மலர்தான் கவர்ந்திருந்தது.
மலரின் மணம். மலரின் நிறம்.
மலர் என் மனத்தைக் கவர்ந்தது.
ஒரே மலர்
முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குக்
கைமாறிக் கைமாறி வந்து
இதழெல்லாம் கசங்கிவிட்டது.
இரண்டு, இரண்டு, இரண்டு.

விசாலினி எழுதுகிறாள்:
‘எங்கள் ஊர் வீடுகள் வெளிநாட்டுக்காரர்களைக் கவர்ந்தன.
எங்கம்மாவைக் கவரவில்லை.
எங்கம்மா அங்கே தரை துடைக்கிறார்.’
ஒரு சொற்றொடர் போதும் என்று ஓரத்தில் எழுதினேன்.
ஜன்னலுக்கு வெளியே
தொப்பி போட்ட ஒரு தம்பதி
ஒரு பெரிய வீட்டின் பூட்டைப்
படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
எழுதியதை அடித்தேன்.

முத்துச்சரண், கேள்வியையே விடையாக:
கவர் கவர் கவர் கவர்.
வாத்து மேய்க்கிறவன்கூட
இவ்வளவு வரிசையாக ஓட்டமாட்டான்.

அடைக்கலராஜுக்கு எப்போதும் எதிர்த்திசை:
‘இராவணன் சீதையைக் கவர்ந்தான்.’
பிழையில்லை.
மனத்தை எடுத்தாலும் மாட்டை எடுத்தாலும்
அகராதியில் ஒரே தொழுவம்தான்.
ஆநிரை கவரப் போனவர்களிடமிருந்து
யாரோ ஒரு காதலன்
இந்தச் சொல்லை இரவல் வாங்கியிருக்க வேண்டும்,
சாணி வாசனை போகக் கழுவாமலே.

கோட்டையூர் நிறுத்தம்.
கூடையோடு ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார
தாள்கட்டு சரிந்து
மேலே வந்தது ரிஸ்வான்.
வரியில் நிற்காமல் உருளும் எழுத்து:

‘கறிக்கடையில் அத்தா கவர் கேட்டார்.
கவர் இல்லை என்றார்கள்.
துண்டில் முடிந்து எடுத்து வந்தார்.
வழியெல்லாம் நாய்களுக்கு
அத்தாவை ரொம்பப் பிடித்துவிட்டது.’

சுழியம்.
இது அந்தச் சொல் இல்லை.
கப்பலேறி வந்து
பால், பரோட்டா, மொய்ப்பணம் எல்லாவற்றையும்
வாய் திறந்து விழுங்கிக்கொண்ட
வேறொரு சொல்.
விடைக்குறிப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஐந்தாம் தேதியானால்
பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் எனக்குத் தருகிற சம்பளமும்
அதற்குள்தான் இருக்கிறது.
அன்றைக்கு நான் அகராதி புரட்டுவதில்லை,
பிரித்து எண்ணுகிறேன்.

இருந்தாலும் பேனாவை வைத்தேன்,
சுழியத்துக்கு.
அதற்குள் சிரித்துவிட்டேன்.
நடத்துநர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு,
கூடைக்கார அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்கிற அளவுக்கு.

செம்மண் சாலையில் ஒருவர் நடக்கிறார்,
துண்டு முடிச்சின் அடியில் ஈரம் துளிர்க்க.
திரும்பிப் பார்க்காததுபோல் நடக்கிறார்.
பின்னால் ஒரு செவலை. ஒரு கறுப்பு.
பெட்டிக்கடை வாசலில் படுத்திருந்த கிழம்,
அதுவும் எழுந்துவிட்டது.
வால்களை உயர்த்திப் போகும் அந்த ஊர்வலத்தில்
கடைசி ஆளாக,
தோளில் கைப்பையும் கையில் தாள்கட்டுமாக,
தற்காலிகத் தமிழாசிரியை செங்கமலம்.

இருபது மலர்களில் ஒன்றுகூட
என்னை இப்படி
வெயிலில் நடக்க வைத்ததில்லை.

போட்ட சுழியம் போட்டதுதான்.
அதன் தலையில் இரண்டு காது வைத்தேன்.
பின்னால் ஒரு வால்.
பக்கத்தில் சிறியதாய், இரண்டு.

தலைமையாசிரியர் கேட்டால்
வேகத்தடை என்று சொல்லிக்கொள்ளலாம்.